எந்தப் பக்கத்து மரபு?

நடுவர் அவர்களே, வணக்கம். "தன்பாலின உறவை வெறுப்பதுதான் ஆப்பிரிக்க மரபு, அந்த உறவு வெள்ளைக்காரன் இறக்கிய சரக்கு" என்று சொல்லிவிட்டுக் கைதட்டலோடு போய் அமர்ந்தார் எதிரணித் தலைவர். சரக்கு இறங்கியது உண்மைதான் ஐயா. பெட்டியைப் பிரித்துப் பார்த்தீர்களா?

முதலில், தென்னாப்பிரிக்கா சூழ்ந்த குட்டி நாடான லெசோத்தோ. அந்த மலைக் கிராமங்களில் 'மொட்ஸ்வாலே' என்றொரு உறவு இருந்தது. கல்யாணமான ஒருத்தி இன்னொருத்தியைத் தன் மனசுக்கு உகந்தவளாகத் தேர்ந்தெடுப்பாள். முத்தம் உண்டு, பரிசு உண்டு. ஒளிவுமறைவும் கிடையாது; ஆடு அடித்து, ஊரைக் கூட்டி விருந்து வைப்பார்கள். பந்தியில் கணவன்மாரும் இருப்பார்கள்! அதற்குமேல் என்ன நடந்தது என்று துருவுவது நம் வேலையில்லை. அந்த ஊரும் துருவவில்லை.

கென்யாவின் நாண்டி மக்களிடம் பெண்ணைப் பெண் மணக்கும் வழக்கம் உண்டு. அதை என் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது வாரிசுக்கும் சொத்துக்குமான ஏற்பாடு. கள்ளக் கணக்கு எழுதி ஜெயிக்க வேண்டாமே.

இப்போது பெட்டிக்கு வருவோம். 1860-இல் ஆங்கிலேயன் நமக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தில், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு நினைவிருக்கிறதா? 'இயற்கைக்கு மாறான' என்ற அதே வாசகம் உகாண்டாவிலும் கென்யாவிலும் போட்ஸ்வானாவிலும் போய் உட்கார்ந்தது. 2018-இல் நம் உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. மறு ஆண்டே போட்ஸ்வானா உயர் நீதிமன்றமும் பிடுங்கியது. 2021-இல் மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது.

"2023-இல் தன்பாலின உறவுக்கு எதிராக மரண தண்டனைவரை போன சட்டத்தை எழுதியது உகாண்டாக்காரர்கள்தானே?" என்பீர்கள். நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். உள்ளூரில் அதற்கு ஆதரவும் இருக்கிறது. ஆனால் 2009-இல் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் மேடையேறி, தன்பாலின உறவைப் பற்றிய பயத்தை விதைத்தவர்கள் அமெரிக்கப் பிரசாரகர்கள். முதல் மசோதா வந்ததும் அதே ஆண்டுதான்.

கடைசியாக ஒன்று. கானாவிலும் பக்கத்து ஐவரி கோஸ்டிலும் அகான் மக்கள் வாழ்கிறார்கள். நடுவில் கோடு போட்டது ஐரோப்பியர்கள். ஆங்கிலேயர் ஆண்ட கானாவில் தன்பாலின உறவு குற்றம். பிரான்சோ 1791-லேயே இந்தக் குற்றத்தைத் தன் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அவர்கள் ஆண்ட ஐவரி கோஸ்டில், தனிமையில் இருவர் மனமொத்து இருப்பதைத் தண்டிக்கச் சட்டம் இல்லை. தண்டிப்பதுதான் மரபென்றால், அது எந்தப் பக்கத்து அகான் மரபு? எதிரணியில் அடுத்து வருபவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.