அப்பா ஏன் கோமாளி ஆனார்? ஓஸுவின் 1932 ஊமைப்படம்

[காட்சி: சேற்றில் சிக்கிய லாரி]

டோக்கியோ புறநகருக்கு ஒரு குடும்பம் குடிவருது. அப்பா யோஷி, அம்மா, ரெண்டு பசங்க. முதலாளி இவாசாகியோட வீடு பக்கத்துலயே இருக்கு. இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, படத்தோட மொத்தச் சிரிப்பும் இங்கேருந்துதான் கிளம்புது.

இதுதான் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓஸுவோட 'பிறந்தேன், ஆனால்...', ஷோச்சிக்கு கம்பெனி தயாரிப்பு. ஜப்பான்ல அப்போ ஊமைப்படம் ஓடும்போது பக்கத்துல நின்னு கதை சொல்ற 'பென்ஷி'ங்கதான் பெரிய நட்சத்திரங்க. அதனாலயே பேசும்படம் அங்கே மெதுவாத்தான் வந்துது. ஓஸுவோட முதல் முழுநீளப் பேசும்படம் 1936-லதான். இசை சேர்க்காத பிரதி கிடைச்சா ஸ்பீக்கரைத் தட்டிப் பார்க்காதீங்க!

[காட்சி: தெருப் பசங்க]

பசங்க உலகத்துல யார் பலசாலியோ அவன்தான் தலைவன். சைகை காட்டினா எதிராளி செத்த மாதிரி விழுந்து கிடக்கணும். முதலாளி பையன் தாரோவுக்கும் அதே சட்டம்தான். தெரு ரவுடியை அடிக்க கடைப் பையனைப் பிடிக்கிறாங்க, அவனும் அடிக்கிறான். தாரோவை அடின்னா மட்டும் மாட்டேங்கிறான். ஏன்னா கடையில அதிகமா வாங்குறது தாரோ வீடுதான். பெரியவங்க கணக்கு இப்படித்தான் சத்தமில்லாம உள்ளே நுழையுது.

[காட்சி: முதலாளி வீட்டு புரொஜெக்டர்]

இந்தக் காட்சியை நிதானமாப் பாருங்க. முதலாளி எடுத்த வீட்டுப் படம் ஓடுது. மிருகக்காட்சிசாலை வரிக்குதிரை வருது. வெள்ளை மேல கறுப்பா, கறுப்பு மேல வெள்ளையான்னு பசங்களுக்குள்ள வாக்குவாதம். அப்புறம் திரையில அப்பா! முகத்தைக் கோணி, சேஷ்டை பண்றார். ரூமே சிரிக்குது. ஓஸு வெட்டி வெட்டிக் காட்டுறது மூணே விஷயம்: திரை, சிரிக்கிற முதலாளி, சிரிக்காத பசங்க. அந்த மூணாவது ஷாட் இல்லேன்னா இது வெறும் கோணங்கி காமெடி.

வீட்டுக்கு வந்து கேக்குறாங்க, 'ஏன் அவருக்குக் கும்பிடு போடுறீங்க?' சம்பளம் தர்றார்ங்கிறார் அப்பா. 'அப்போ வாங்காதீங்க!' வாங்கலேன்னா சோறு ஏதுன்னு கேட்டதும், சோறே வேண்டாம்னு உண்ணாவிரதம். மறுநாள் காலையில சோத்து உருண்டையோட போராட்டம் முடியுது. அப்புறம் ரயில்வே கேட் கிட்ட முதலாளி கார் நிக்கும்போது, போய் வணக்கம் சொல்லச் சொல்றதே பசங்கதான்.

ஸ்கூல் பெஞ்சு ஓரமா நகர்ற கேமரா அப்படியே வெட்டி, ஆபீஸ்ல கொட்டாவி விடுற குமாஸ்தாக்கள் வரிசைக்குத் தாவுறதையும் விட்றாதீங்க. பிந்தைய படங்கள்ல ஓஸு கேமராவை நகர்த்துறதே அபூர்வம்.

இதே கருவைத் தளர்வா எடுத்து 1959-ல அவர் பண்ணின கலர் படம் 'வணக்கம்'. அதுல டிவி வாங்கித் தரலேன்னு பசங்க பேசவே மாட்டாங்க.