ஆள் ஏறாதவரை ஆர்எக்ஸ் ஜெயிக்கும்

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியோரே, ஆயுத பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைத்த வண்டிகளை வாசலில் நிறுத்திவிட்டு எங்களைக் கேட்க வந்திருக்கிற ஊர்மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஓட்டும் சுகம் தருவது அன்றைய யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியா, இன்றைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஆர்எக்ஸுக்காக மூன்று வாதம் வைத்தார். முறுக்கினால் பறக்கும் என்றார். எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டிவிடுவார் என்றார். அந்தச் சத்தத்துக்கு ஈடில்லை என்றார். அதோடு விட்டாரா? என்னைப் பார்த்து, "கிளாசிக் என்பது ஓய்வூதியம் வாங்குபவர்கள் ஓட்டும் வண்டி, சகோதரி" என்று சொல்லிக் கைத்தட்டலையும் அள்ளிக்கொண்டு உட்கார்ந்தார்.

அண்ணனுக்கு ஒன்றை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். ஆர்எக்ஸ் 100 சாதாரண வண்டி அல்ல. 1985-இல் வந்தது, 1996-இல் தயாரிப்பு நின்றது. ராஜ்தூத்தையும் யெஸ்டியையும் பழைய புல்லட்டையும் பார்த்துப் பழகிய சாலையில், 98 சிசி என்ஜினோடு ஒரு மெலிந்த வண்டி வந்து எல்லோரையும் சிக்னலில் விட்டுவிட்டுப் போனது. இளைஞர்கள் மயங்கியதில் தவறே இல்லை. என் கூடப்பிறந்த அண்ணனும் மயங்கியவர்தான். அந்த வண்டியில் நான் பின்னாலும் உட்கார்ந்திருக்கிறேன், அவர் ஊரில் இல்லாத நேரத்தில் முன்னாலும் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே கேள்விப்பட்டதை வைத்துப் பேசவில்லை.

இப்போது "பறக்கும்" என்ற வாதத்துக்கு வருவோம். கொஞ்சம் கணக்குப் போடலாம், நடுவர் அவர்களே. ஆர்எக்ஸுக்கு 11 குதிரைத்திறன், எடை சுமார் 103 கிலோ. ஒரு குதிரை இழுக்க வேண்டியது 9.4 கிலோ. கிளாசிக்கின் 349 சிசி என்ஜினுக்கு 20.2 குதிரைத்திறன், எடை 195 கிலோ. ஒரு குதிரைக்கு 9.7 கிலோ. ஆக, ஆர்எக்ஸ் மயிரிழையில் ஜெயிக்கிறது. எதிரணி தாராளமாகக் கைதட்டலாம்.

ஆனால் இது வண்டி காலியாக நிற்கும்போது உள்ள கணக்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவரை ஏற்றுங்கள். ஆர்எக்ஸில் ஒரு குதிரையின் பாரம் 15.7 கிலோ ஆகிவிடுகிறது, கிளாசிக்கில் 13.1-தான். பின்னால் 60 கிலோவில் இன்னொருவரையும் உட்கார வையுங்கள். ஆர்எக்ஸில் 21 கிலோவைத் தாண்டுகிறது, கிளாசிக்கில் 16. ஆள் ஏறாதவரை ஜெயிக்கிற வண்டிக்காகத்தான் அண்ணன் இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசினார்.

"கணக்கு கிடக்கட்டும், உட்கார்ந்து ஓட்டினால் ஆர்எக்ஸ்தானே விறுவிறுப்பாக இருக்கிறது?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஏன் என்று பார்க்க வேண்டும். அது டூ ஸ்ட்ரோக் என்ஜின், அதாவது பிஸ்டனின் இரண்டே நகர்வில் ஒரு சுழற்சியை முடிக்கும் என்ஜின். கீழ்ச் சுற்றுகளில், அதாவது மெதுவாகச் சுழலும்போது, அது அரைத் தூக்கத்தில் இருக்கும். சுற்று ஏற ஏற, சைலன்சருக்குள் போய் மோதித் திரும்பும் அலை, வெளியே நழுவப் பார்க்கும் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். அந்த நேரத்தில் வண்டி திடீரென்று பாயும். என்ஜின் தண்டைத் திருப்பும் முறுக்குவிசை உச்சத்தில் சுமார் 10 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 6500 சுற்றுக்குப் போனால்தான். கிளாசிக்கில் 27 நியூட்டன் மீட்டர், 4000 சுற்றிலேயே கையில் இருக்கிறது. எது பலசாலி என்று நீங்களே பாருங்கள். ஆர்எக்ஸ் தன்னிடம் இருப்பதைக் கடைசி வரை ஒளித்து வைத்து ஒரேயடியாகக் கொட்டுகிறது. கிளாசிக் கேட்ட இடத்தில் கேட்ட அளவு கொடுக்கிறது. கொட்டுவதை நாம் வீரம் என்கிறோம், கொடுப்பதைச் சோம்பல் என்கிறோம்!

அந்தப் பாய்ச்சலில் சுகம் யாருக்கு? கைப்பிடி யாரிடம் இருக்கிறதோ அவருக்கு. எப்போது பாயும் என்று அவருக்குத் தெரியும், உடம்பை முன்னால் சாய்த்துக்கொள்வார். பின்னால் சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பி என்று வருகிற அம்மாவுக்கு யார் சொல்வது? என் அம்மா ஆர்எக்ஸில் வரும்போது பேசவே மாட்டார். கியர் மாறும் ஒவ்வொரு தடவையும் அவருடைய விரல்கள் அந்தக் கம்பியில் வெளுத்துப் போவதை நான் சைக்கிளில் கூடவே வந்து பார்த்திருக்கிறேன். இத்தனை வருடமாக மோட்டார் சைக்கிளைப் பற்றி இந்த ஊரில் எத்தனையோ விவாதம் நடந்திருக்கிறது. பின்னால் உட்காருபவரைக் கூப்பிட்டு யாராவது அபிப்பிராயம் கேட்டிருக்கிறோமா? நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் என்பது பாதி நேரம் இரண்டு பேர் போகிற வண்டி. ஓட்டும் சுகம் என்றால் ஒருவருடைய சுகம் மட்டும்தானா?

இந்தப் புதிய என்ஜின் கிளாசிக்குக்கு 2021-இல் வந்தது. அதற்குள் அதிர்வை எதிர் அதிர்வால் அடக்குவதற்கென்றே ஒரு தண்டு சுழல்கிறது. பழைய புல்லட்டில் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருவது லாரியா, யானையா என்று தெரியாது. இதில் லாரியின் நம்பரைப் படிக்கலாம். இரண்டு பேரும் பேசிக்கொண்டே போகலாம். சில வீடுகளில் இது நல்லதா என்று நடுவர்தான் சொல்ல வேண்டும்!

அடுத்தது, அண்ணன் வாயே திறக்காத விஷயம். பறந்த வண்டி நிற்க வேண்டுமே? ஆர்எக்ஸில் முன்னும் பின்னும் 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தால், உள்ளே நீர் புகுந்து பிரேக் கட்டைகள் வழுக்கும். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடியே போய், அந்தச் சூட்டில் காய வைப்பார்கள். விவரம் தெரியாதவர் முன்னால் போகும் பஸ்ஸின் பின்புறத்தில் போய் நிற்பார். கிளாசிக்கில் முன்னால் 300 மில்லிமீட்டர் டிஸ்க். அதோடு ஏபிஎஸ் இருக்கிறது. பதற்றத்தில் அழுத்திப் பிடித்தாலும் அது சக்கரத்தைப் பூட்டிக்கொள்ள விடாது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம் என்று அரசே சொல்லிவிட்டது.

மலைப்பாதை என்றால் கேட்கவே வேண்டாம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது கியரைக் குறைத்து ஆக்சிலரேட்டரை விட்டால், கிளாசிக்கின் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினே (பிஸ்டனின் நான்கு நகர்வில் ஒரு சுழற்சி) வண்டியை இழுத்துப் பிடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிமானம் மிகக் குறைவு. 70 வளைவுக்கும் அந்தச் சின்ன டிரம்தான் கதி. பாதி மலை இறங்குவதற்குள் அது சூடேறி, லீவர் கையோடு வந்து ஒட்டும்.

எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார் என்றாரே, உண்மைதான். அடிக்கடி பிரிக்க வேண்டியிருந்ததால் எல்லோருக்கும் கை பழகிவிட்டது! காலையில் சோக்கை இழுத்து, கிக்கரை மிதித்து, பிளக்கில் ஆயில் அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, வாயால் ஊதி, மறுபடி மாட்டி மிதிப்பது ஆர்எக்ஸ்காரர்களின் சுப்ரபாதம். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, மாற்று பிளக் ஒன்று இருக்கும். ஆனாலும் இந்த ஒரு வாதத்தில் அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது. கிளாசிக்கில் சென்சார் கோளாறு என்றால் மரத்தடி மெக்கானிக் கையை விரித்துவிடுவார். கம்பெனி சர்வீசுக்குத்தான் போக வேண்டும், பில்லும் அதற்கேற்றபடி வரும். மறைக்கவில்லை. அதே நேரம் இன்று ஆர்எக்ஸுக்கு அசல் உதிரிபாகம் தேடிப் பாருங்கள். தயாரிப்பு நின்று சுமார் முப்பது ஆண்டு ஆகிறது. போலிப் பிஸ்டனைப் போட்டுவிட்டு "பழைய இழுவை இல்லையே" என்று புலம்புகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். கையைத் தூக்க வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது.

சத்தம் என்றார். ரசனை அவரவருக்கு. கூடவே வந்த புகையை மட்டும் ஏன் சொல்லவில்லை? பெட்ரோலோடு ஆயிலையும் எரித்து, பெட்ரோலில் ஒரு பங்கை எரிக்காமலேயே வெளியே துப்பிய வண்டி அது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, டூ ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொன்றாகச் சந்தையை விட்டுப் போனதற்கு அதுதான் காரணம்.

கிளாசிக்கின் எடை அதிகம் என்று அடுத்து வருபவர் நிச்சயம் சொல்வார். நானே சொல்லிவிடுகிறேன். 195 கிலோவைச் சரிவில் முன்சக்கரம் கீழே இருக்கும்படி நிறுத்திவிட்டுப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள், குலதெய்வம் கண்முன் வரும். நிறுத்தும்போதே யோசித்து நிறுத்த வேண்டிய வண்டி அது. ஆனால் ஓடத் தொடங்கிவிட்டால் அந்த எடையே சாலையில் ஆணி அடித்ததைப் போலப் பிடித்துக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் எதிரே ஆம்னி பஸ் காற்றைக் கிழித்துக்கொண்டு வரும்போது, ஆர்எக்ஸ் ஒரு முழம் விலகிப் போய் வரும். கிளாசிக் அசையாது.

நடுவர் மணியை நோக்கிக் கையைக் கொண்டுபோகிறார். ஒரே ஒரு தகவல் சொல்லி முடித்துக்கொள்கிறேன். எதிரணித் தலைவர் வீட்டில் பளபளவென்று ஓர் ஆர்எக்ஸ் 100 இருக்கிறது. அதில்தான் வந்திருப்பார் என்று ஆசையாக வாசலில் தேடினேன், காணவில்லை. மேடைக்குப் பின்னால் கேட்டபோது அவரே சொன்னார்: மழை வரும் போல் இருந்ததாம், வீட்டம்மாவும் கூட வருவதாகச் சொன்னாராம், அதனால் மருமகனின் கிளாசிக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாராம். அம்மா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், நடுவர் அவர்களே. தீர்ப்பு எழுதுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.