மான்டிசெல்லோ: ஃபாசெட் குடும்பத்தின் கதை

[காட்சி: அமெரிக்க 5 சென்ட் காசு. மெல்லத் திரும்புகிறது.]

இந்தக் காசுல ஒரு பக்கம் தாமஸ் ஜெஃபர்சன் முகம். திருப்பினா அவரோட வீடு. வர்ஜீனியாவுல ஒரு மலை உச்சியில இருக்கிற மான்டிசெல்லோ. மனுஷங்க எல்லாரும் சமமாவே படைக்கப்பட்டவங்கன்னு 1776-ல அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துல எழுதினவர் இவர்தான். வாழ்நாள்ல இவர் அடிமையா வச்சிருந்தவங்க 600 பேருக்கும் மேல.

நாம இன்னிக்குப் பார்க்கப்போறது அந்த வீட்டு அடுக்களையில நின்னவங்களை, கொல்லுப் பட்டறையில இரும்பு அடிச்சவங்களை.

[காட்சி: பழைய கையெழுத்துப் பக்கம்]

ஜெஃபர்சன் எதையும் எழுதி வைக்கிற ஆளு. பண்ணைக் கணக்குக்குன்னே ஒரு புத்தகம் இருந்துச்சு. யாருக்கு எவ்வளவு துணி, யாருக்குப் போர்வை, எல்லாம் பேரோட இருக்கு. ஆனா போர்வையை வாங்கிட்டுப் போனவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு கணக்குல எப்படி வரும்?

அது குடும்பங்கள்கிட்ட இருந்துச்சு. பாட்டி சொல்லி, அம்மா சொல்லி, பிள்ளைங்க கேட்டு வச்சிருந்தாங்க. மான்டிசெல்லோவுல ரொம்ப காலம் வழிகாட்டிகள் இவங்களை 'வேலையாட்கள்'னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. 1993-ல தான் ஆய்வாளர்கள் வாரிசுகளைத் தேடிப்போய், அவங்க பேச்சைப் பதிவு பண்ண ஆரம்பிச்சாங்க. மான்டிசெல்லோவுல அடிமையா இருந்த சாலி ஹெமிங்ஸ் பெத்த பிள்ளைங்களுக்கு ஜெஃபர்சன்தான் அப்பான்னு ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையா சொல்லிட்டு வந்துச்சு. அதை யாரும் சுலபத்துல நம்பல. 1998-ல டி.என்.ஏ. சோதனை வந்த பிறகுதான் பலருக்குக் காது கேட்டுச்சு.

இப்போ 'அடிமைகள்'னு சொல்லாம 'அடிமைப்படுத்தப்பட்டவங்க'ன்னு சொல்றாங்க. தமிழ்ல சொன்னா வாய் வலிக்கிற நீளம்தான். ஆனா 'படுத்தப்பட்ட'ன்னு சொன்ன உடனே, படுத்தினது யாருன்னு ஒரு கேள்வி வந்துடுது இல்லையா?

[காட்சி: அடுக்களை, கரி அடுப்புகள்]

சாலியோட அக்கா மகன் ஜோசப் ஃபாசெட். சின்னப் பையனா ஆணிப் பட்டறையில வேலை பார்த்து, பிறகு கொல்லரானவர். அவர் மனைவி ஈடித். 1802-ல, 15 வயசுல, ஈடித்தை வாஷிங்டனுக்குக் கொண்டுபோனாங்க. ஜெஃபர்சன் அப்போ ஜனாதிபதி. அவர் மாளிகையில பிரெஞ்சு சமையல்காரர்கிட்ட ஈடித் தொழில் கத்துக்கிட்டார். விருந்தாளிங்க புகழ்ந்து எழுதின சாப்பாட்டுல பாதிக்கு மேல இவர் கை பட்டிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

1806 கோடையில ஒருநாள் மலையில ஜோசப்பைக் காணோம். தப்பி ஓடி விடுதலை தேடிப் போயிட்டாரா? இல்ல. நூறு மைலுக்கு மேல கடந்து ஈடித்தைப் பார்க்கப் போயிருக்கார்! மாளிகையை விட்டுக் கிளம்பும்போது பிடிச்சு, சிறையில அடைச்சு, திருப்பி அனுப்பிட்டாங்க. 1809-ல ஈடித் ஊர் திரும்பினார். அதுக்கப்புறம் மான்டிசெல்லோ அடுக்களை அவர் பொறுப்பு.

1826 ஜூலை 4. ஜெஃபர்சன் இறந்தார். கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல. உயில்ல அஞ்சு பேருக்கு மட்டும் விடுதலை. அதுல ஜோசப் ஒருத்தர், அதுவும் ஒரு வருஷம் கழிச்சுதான். மனைவி, பிள்ளைங்க பேர் இல்ல.

[காட்சி: பனி படிந்த புல்வெளி. சில நொடி மௌனம்.]

1827 ஜனவரியில ஏலம். மனுஷங்க 130 பேர்னு விளம்பரம். தானே இன்னும் அடிமையா இருந்த ஜோசப், குடும்பம் சிதறிப்போறதைத் தடுக்க வழியில்லாம நின்னார். மகன் பீட்டருக்கு அப்போ 11 வயசு. வேற ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டார்.

அதுக்கப்புறம் ஜோசப் இரும்பு அடிச்சு, சொந்தக்காரங்க கைகொடுக்க, தன் குடும்பத்தையே ஒவ்வொருத்தரா விலை கொடுத்து மீட்டார். ஈடித்துக்கும் சில பிள்ளைங்களுக்கும் 1837-ல விடுதலைப் பத்திரம். பீட்டரை மீட்க முடியல. அவரை விட்டுட்டுத்தான் குடும்பம் ஒஹாயோவுக்குப் போக வேண்டியிருந்துச்சு. பீட்டர் திருட்டுத்தனமா எழுதப் படிக்கக் கத்துக்கிட்டு, மத்தவங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். தப்பிக்கப் பார்த்து மாட்டிக்கிட்டார். 1850-ல தான் விடுதலையாகி சின்சினாட்டியில குடும்பத்தோட சேர்ந்தார். அங்க விருந்துச் சமையல் தொழில் பண்ணினார். அம்மா கைப்பக்குவம்! பிறகு சபைப் போதகரானார்.

1900-ல, 85 வயசுல, அந்த மலைக்கு ஒருமுறை போயிட்டு வந்தார்.

[காட்சி: மலையேறும் பாதை.]