சீரியலில் எரியும் வீடு

(தீத்தொண்டு வாரத்தையொட்டி நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் மாவட்டத் தீயணைப்பு அலுவலர் அவர்களே, ஜமாபந்தி வேலைக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அம்மையார் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அவர்களே, இந்தப் பந்தலுக்கும் உங்கள் கையில் இருக்கும் நீர்மோருக்கும் செலவை ஏற்றுக்கொண்ட வணிகர் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, நான் வாயைத் திறக்கும் முன்பே சால்வையைப் போர்த்தி, சீக்கிரம் முடியுங்கள் என்று சொல்லாமல் சொன்ன செயலாளர் தம்பி அவர்களே, முன்வரிசையில் சீருடையோடு இருக்கும் நிலைய அலுவலரே, தீயணைப்போரே, 108 வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஒரு காதை போனில் வைத்தபடி உட்கார்ந்திருக்கும் பைலட் தம்பியே, வண்டியில் முதலுதவி பார்க்கும் இ.எம்.டி. தங்கையே, சீரியல் நேரத்தில் வீட்டை விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் தியாகத்துக்கு முதல் வணக்கம்.

ஏப்ரல் 14 நமக்குச் சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடி, காலையில் பட்டிமன்றம், மத்தியானம் புதுப்படம். முன்வரிசைக்காரர்களுக்கு அது தீத்தொண்டு நாள். 1944-இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் பற்றிக்கொண்டது. பஞ்சுப் பொதியையும் வெடிபொருளையும் ஒரே கப்பலில் ஏற்றிய புத்திசாலி யாரோ! அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் வெடித்ததில் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் நாடு முழுக்க இந்த ஒரு வாரம். அன்றைக்கு நானும் ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். நான் பார்த்த சேனல் எதிலும் அவர்களுக்கென்று ஒரு வரி கிடையாது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, சின்னத்திரையில் தீயணைப்பு வீரரும் ஆம்புலன்ஸ் ஊழியரும். மூன்று செய்தி சொல்லப்போகிறேன். ஒன்று, நம் சீரியல். இரண்டு, அமெரிக்க சீரியல். மூன்று, ராத்திரி கோரமான விபத்து ஒன்றைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் இவர்களுக்குத் தூக்கம் வருகிறதா என்பது. மூன்றாவதுதான் முக்கியம்.

என் பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. என்னைத் தெரிந்தவர்களுக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்திருக்கும். ‘எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்.’ டிவிக்காரர்களுக்கென்றே சொன்ன மாதிரி இருக்கிறது. சீரியலில் ஒரு வீடு பற்றினால் ஒரு வாரம் ஓடும். திங்கட்கிழமை வில்லி தீக்குச்சியைக் கிழிப்பாள். வெள்ளிக்கிழமை வரை கதாநாயகி உள்ளே இருமிக்கொண்டிருப்பாள். மாமியார், நாத்தனார், ஓரகத்தி ஒவ்வொருத்தர் முகத்துக்கும் கேமரா மூன்று தடவை ‘டங்’ என்று போய்வரும். ஒருத்தராவது 101-க்கோ 112-க்கோ போன் போட்டார்களா? கதாநாயகன் வருவான், நனைத்த கம்பளியைப் போர்த்துவான், கதவை உதைப்பான், பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். அவன் தலைமுடி கலைந்திருக்காது. சிவப்பு வண்டி வந்தாலும் பின்னால் ஓரமாக நிற்கும், தண்ணீர் கொண்டுவந்த லாரி மாதிரி.

நம் நிலைய அலுவலரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னார்: “சார், நிஜத்துல நெருப்பையே பல நேரம் பார்க்க முடியாது. புகைதான். கையை நீட்டினா விரல் தெரியாது. பி.ஏ. செட்டை, அதான் மூச்சுக்காத்து சிலிண்டரை, முதுகுல மாட்டிக்கிட்டு, குனிஞ்சு, சுவரைத் தடவிக்கிட்டே போவோம். எந்தச் சுவரைப் பிடிச்சு உள்ளே போனோமோ அதே சுவரைப் பிடிச்சுத்தான் வெளியே வரணும். கையை விட்டோம்னா எங்களைத் தேட இன்னொரு ஆள் வரணும்.” சுவரைப் பிடித்த கையை விடாமல் ஒரு மனிதன் ஊர்ந்து போகிறான். இதைவிடப் பதற்றமான காட்சி உண்டா? ஆனால் அதில் நடிகர் முகம் தெரியாதே! முகம் தெரியாவிட்டால் சம்பளம் எதற்கு?

அமெரிக்காக்காரனும் இந்த விஷயத்தில் உத்தமன் இல்லை. அங்கே ‘சிகாகோ ஃபயர்’ 2012-லிருந்து ஓடுகிறது, ‘நைன் ஒன் ஒன்’ 2018-இல் தொடங்கியது. ஒன்றில் சுனாமியே வந்துவிட்டது. கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவது, கோழிக்கூண்டில் புகுந்த பாம்பைப் பிடிப்பது என்று நம் ஆட்கள் பார்க்கும் வேலைக்கு அங்கேயும் மவுசு இல்லை. ஆனால் ஒரு பழைய தொடரைச் சொல்லியே ஆக வேண்டும். 1972-இல் என்.பி.சி. சேனலில் ‘எமர்ஜென்சி’ என்று ஒரு தொடர் வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் 51-ஆம் எண் நிலையம், கேஜ், டிசோட்டோ என்று இரண்டு பாராமெடிக்குகள். அப்போது பாராமெடிக் என்ற வேலையே புதுசு. தீயணைப்பு வீரர் சாலையோரத்திலேயே ஊசி போடலாம் என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 1970-இல்தான் வந்தது. அப்போது அந்த நாட்டில் அத்தகைய வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தொடரில் அவர்கள் பெட்டியைத் திறந்து, மருத்துவமனையோடு ரேடியோவில் பேசி, டாக்டர் சொல்லச் சொல்ல டிரிப் ஏற்றுவார்கள். பார்த்த ஜனங்கள், இது எங்கள் ஊரில் ஏன் இல்லை என்று கேட்க ஆரம்பித்தார்கள். எரிகிற வீட்டில் அந்தத் தொடர் பிடுங்கியது ஊருக்கு லாபம். ஒரு குறையும் உண்டு. அதற்கு முன்பே, 1967-லிருந்து, பிட்ஸ்பர்க் நகரத்தில் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற பெயரில் கறுப்பின இளைஞர்கள் இதே வேலையைத் தொடங்கிச் செய்துகொண்டிருந்தார்கள். திரையில் நாயகர்களான இரண்டு பேரில் ஒருத்தர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை.

இப்போது ஒரு கதை. செயலாளர் தம்பி கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்க்கட்டும்.

எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் தள்ளிப்போனது, முதல் பந்தியும் தள்ளிப்போனது. மாப்பிள்ளையின் தாய்மாமாவுக்குச் சர்க்கரை உண்டு. காலையிலேயே மாத்திரையைப் போட்டுவிட்டு இலைக்காகக் காத்திருந்தவர், நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்குப் போகும் நேரத்தில் அப்படியே சாய்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை. அவ்வளவுதான், மண்டபமே சீரியல் ஆகிவிட்டது. ஒருத்தர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். ஒருத்தர் சோடா தெளிக்கிறார். ஒரு பெரியம்மா, நினைவில்லாத மனுஷன் வாயில் சொம்போடு தண்ணீரைச் சாய்க்கப் போகிறார். அத்தை “போயிட்டீங்களா” என்று ஆரம்பித்துவிட்டார். வீடியோக்காரர் தாலி கட்டுவதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் ஃபோகஸ் பண்ணுகிறார்! எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

108 வந்தது. இறங்கியது ஒல்லியாக ஒரு பெண், தோளில் ஒரு பை. “டாக்டர் எங்கம்மா?” என்றார் ஒருத்தர். அந்தப் பெண் பதிலே சொல்லாமல் மாமாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்து, விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மீட்டரில் வைத்தது. 48 என்று காட்டியது, சர்க்கரை ரொம்பக் குறைவு. பின்னாலிருந்து சம்பந்தி வீட்டுக்காரர் ஒருத்தர், “நெஞ்சுல ஷாக் வைம்மா, சீரியல்ல வைப்பாங்கள்ல!” என்கிறார். அந்தப் பெண் போனில் டாக்டரிடம் நாலு வார்த்தை பேசியது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியது. சில நிமிஷத்தில் மாமா கண்ணைத் திறந்தார். சுற்றிலும் இருநூறு முகம். மெதுவாகக் கேட்டார்: “இலை போட்டாச்சா?”

நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு அங்கே சிலருக்கு முகம் வாடிப்போனது. இவ்வளவுதானா என்கிற மாதிரி. அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. பைலட் தம்பிதான் வண்டியிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினான்.

ஷாக் என்றதும் ஞாபகம் வருகிறது. திரையில் இதயத்துடிப்புக் கோடு நேராகப் போகும், டாக்டர் இரும்புத் தேய்ப்புப் பெட்டி மாதிரி இரண்டை நெஞ்சில் வைப்பார், ஆள் துள்ளி எழுவான். நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதே கிடையாது ஐயா! இதயம் தாறுமாறாகத் துடிக்கும் சில நிலைகளுக்குத்தான் ஷாக். நின்றுபோன இதயத்துக்குக் கையால் நெஞ்சை அழுத்துவதுதான், பிறகு மருந்து. 1996-இல் அமெரிக்க மருத்துவர்கள் மூன்று தொடர்களில் 97 பகுதிகளை உட்கார்ந்து பார்த்து எண்ணினார்கள். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயன்றவர்களில் முக்கால்வாசிப் பேர் திரையில் அப்போதைக்குப் பிழைத்துவிடுகிறார்கள். நிஜத்தில் அதற்குக் கிட்டேகூட வராது. இதை மருத்துவ இதழிலேயே எழுதினார்கள்.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? இங்கேதான் என் வழக்கமான கோரிக்கைக்கு வருகிறேன். டென்மார்க்கில் 2005-இல் பள்ளிக்கூடத்தில் நெஞ்சழுத்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு டிரைவிங் லைசென்ஸ் எடுப்பவர்களுக்கும். 2001-இல் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் 100-க்கு 3.5 பேர்தான் ஒரு மாதம் தாண்டினார்கள். 2010-இல் அது 10.8. ஆம்புலன்ஸ், சிகிச்சை எல்லாமும் அதற்குள் மேம்பட்டிருந்தன. ஆனாலும் பக்கத்தில் நின்ற ஆள் கை வைப்பது இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. மூளைக்கு ரத்தம் போகாத ஒவ்வொரு நிமிஷமும் எரிகிற வீடுதான், அங்கே நம் கை பிடுங்கினது லாபம். வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் முதல் நிமிஷங்கள் பக்கத்து வீட்டுக்காரனுடையவை.

நம் ஊர்ப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து வருஷத்துக்கு இரண்டு வகுப்பு போதும். நெஞ்சின் நடுவில் கை, நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 அழுத்து, 5 சென்டிமீட்டர் ஆழம். கணக்குப் பாடத்தைவிடச் சுலபம். போலீஸ் கேஸ் ஆகுமே என்ற பயமும் வேண்டாம்; விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே திருத்தம் வந்துவிட்டது. வட்டாட்சியர் அம்மையார் தலையாட்டுகிறார்கள், கூட்டம் சாட்சி.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. செயலாளர் தம்பி இரண்டாவது சால்வையோடு வருகிறார்.

பள்ளிப் பயிற்சிக்கான தீர்மானத்தை அண்ணாச்சி வாசிப்பார்கள், கையெழுத்து நோட்டு மோர்ப்பந்தலில் இருக்கிறது. மேடைக்கு இடப்பக்கம் பயிற்சிப் பொம்மை போட்டிருக்கிறது, இ.எம்.டி. தங்கை சொல்லித்தருவார். வண்டிக்கு அழைப்பு வந்தால் அவர் பாதியில் கிளம்பிவிடுவார், அதனால் தாய்மார்கள் முதலில் வாருங்கள். வணக்கம்.