பிலே கோயிலும் 450 பவுண்டு போட்டும்

மக்களே வணக்கம். இன்னைக்கு கோயிலப் பத்திதான் பேசணும்னு கேமராவ ஆன் பண்ணேன், ஆனா அந்த போட்டு கதைய கொட்டித் தீத்தாத்தான் எனக்கு மத்ததெல்லாம் வாயில வரும்.

எகிப்துல அஸ்வான் வந்திருக்கேன், பிலே கோயில், ஐசிஸ் அம்மன் கோயில். தீவுல இருக்கு. டிக்கெட் எடுத்தாச்சு, சரி உள்ள போலாம்னு பாத்தா போட்டுக்கு தனிக்காசாம். ஷெல்லால் படகுத்துறைல இறங்கினதுமே ஒருத்தர் ஆயிரம் பவுண்டுங்கறார், எகிப்து பவுண்டுதான், இருந்தாலும் ஆயிரமா? நீந்தியா போகப்போற நீ அப்படிங்கற மாதிரி ஒரு பார்வை வேற. எனக்கு பேரம் பேச வராதுன்னு உங்களுக்கே தெரியும், அந்த சந்தை வீடியோல எங்கம்மா என்னை ஓரமா நிக்க வெச்சுட்டு பேசினாங்கல்ல. இங்க அம்மா இல்ல. அவங்க பண்ற மாதிரியே திரும்பி நடந்தேன், பத்தடி, நெஞ்சு படபடன்னு அடிக்குது, பின்னாடியே வந்து 700ங்கறார், 600ங்கறார், கடைசில 450. ஜெயிச்சுட்டேன்னு அப்படியே கெத்தா போய் உக்காந்தா பக்கத்து போட்டுல ஒரு அக்கா, நாங்க 300க்கு வந்தோம்னு சிரிக்கறாங்க. போங்க.

சரி கோயில். மொத கோபுரம் 18 மீட்டர் உயரம், அதுல ராஜா எதிரிங்க முடிய கொத்தா பிடிச்சு அடிக்கப் போறார், பன்னெண்டாம் டாலமி, நம்ம கிளியோபாட்ராவோட அப்பா. ஐசிஸ் உருவத்தையெல்லாம் உளியால கொத்தி சிதைச்சு வெச்சிருக்காங்க. பின்னாடி கோயில சர்ச்சா மாத்தினப்போ நடந்த வேலை, தூண்ல சிலுவை செதுக்கினது இன்னும் இருக்கு. வாசல்ல இன்னொரு கூத்து, நெப்போலியன் படை வந்துச்சுன்னு 1799ல பிரெஞ்சுல பெருசா வெட்டி வெச்சிருக்காங்க. எனக்கு அதப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது.

ஐயோ ஒண்ண விட்டுட்டேன், இத மொதல்லயே சொல்லிருக்கணும், நான் நின்னது ஒரிஜினல் பிலே தீவே கெடையாது! 1902ல பிரிட்டிஷ்காரங்க இங்க நைல் நதில ஒரு அணை கட்டினாங்க, அதுலேர்ந்து வருஷத்துல பாதி நாள் கோயில் தண்ணிக்குள்ள, டூரிஸ்ட்டுங்க தூணுக்கு நடுவுல படகு விட்டிருக்காங்க. சுவத்துல இருந்த கலரெல்லாம் அதுலதான் போச்சு, தண்ணி நின்ன கறை இன்னும் கோடு போட்ட மாதிரி தெரியுது. அப்புறம் அதவிட பெரிய அணை ஒண்ணு வந்ததும் இனி மொத்தமா கெட்டுடும்னு, சுத்தி தடுப்பு கட்டி தண்ணிய இறைச்சு, சுமார் 40,000 கல்லுக்கு நம்பர் போட்டு கழட்டி, பக்கத்துல அகில்கியான்னு ஒரு தீவுல திரும்ப அடுக்கிட்டாங்க. 1980ல திறந்தாங்க. நான் ஒரு சின்ன அலமாரிய கழட்டி மாட்டினப்போவே நாலு ஸ்குரூ மிஞ்சிச்சு, வீடியோ பாத்தீங்கல்ல.

இப்ப நான் வந்ததே எதுக்குன்னா, ஹாட்ரியன்ங்கற ரோம ராஜா பேர்ல ஹாட்ரியன் வாசல்னு ஓரமா ஒண்ணு இருக்கு. அங்க போறதுக்குள்ள ஒரு காவலாளி, கம் கம் போட்டோன்னு கையப் பிடிச்சு இழுக்கறார், எல்லாம் டிப்ஸுக்கு, எனக்கு இந்த மாதிரி ஆளுங்கள கண்டாலே ஆகாது. தப்பிச்சு போய்ப் பாத்தா, மண்டுலிஸ்னு ஒரு சாமி உருவம், பக்கத்துல கோணலும் மாணலுமா கிறுக்கல். மத்த சுவரெல்லாம் அவ்ளோ நறுவிசா இருக்கு, இது அவசரத்துல கீறின மாதிரி. இதாங்க தேதி தெரிஞ்சதுல கடைசி ஹைரோகிளிஃப், அதான் பழைய எகிப்து பட எழுத்து, கி.பி. 394 ஆகஸ்ட் 24. நெஸ்மெதெராகெம்னு ஒரு ஐசிஸ் பூசாரி எழுதினது, 'என்றென்றைக்கும்'னு வேற போட்டிருக்கார். அதுக்கப்புறம் அந்த எழுத்த படிக்க ஆளில்லாம போய், 1822ல சாம்போலியன்னு ஒரு பிரெஞ்சு அறிஞர் வர்ற வரைக்கும் யாருக்கும் புரியல. அங்கேயே நின்னுட்டேன். அபு சிம்பெல் பெரிய கோயில்ல கூட எனக்கு இப்படி ஆகல, திட்டாதீங்க.

இன்னும் கேளுங்க, அந்த எழுத்த படிக்க உதவினதுல ஒரே சேதிய மூணு எழுத்துல வெட்டின ரோசெட்டா கல்லு மட்டுமில்ல, கிளியோபாட்ரான்னு பேர் வெட்டின ஒரு ஒபெலிஸ்க், அதான் உயரமான கூர்முனைக் கல்தூண், அதுவும் இதே பிலேலேர்ந்து போனதுதான். பேங்க்ஸ்னு ஒரு இங்கிலீஷ்காரர் கொண்டு போய் இங்கிலாந்துல தன்னோட வீட்டுத் தோட்டத்துல நட்டுட்டார், இன்னமும் அங்கதான் நிக்குது.

டிராஜன்னு இன்னொரு ரோம ராஜா பேர்ல இருக்கற மண்டபத்த ஓடிப்போய் பாத்தேன், 14 தூணு, மேல கூரை கெடையாது, செம வெயில். அதுக்குள்ள ஒரு மணி நேரம் முடிஞ்சுதுன்னு போட்டுக்காரர் விசில் அடிக்கறார். கரைக்கு வந்து 500 குடுத்தா மீதி 50க்கு சில்லறை இல்லையாம், அதுக்கு பதிலா ஒரு பாசிமணி மாலை. இதோ போட்டிருக்கேன் பாருங்க, கழுத்தெல்லாம் நீலச் சாயம்.