வலி தெரியாத கால்

(சுங்கை சிப்புட் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, பள்ளி வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, காலையிலிருந்து நாற்காலி போட்ட இளைஞர் பிரிவினரே, தோட்டத்து அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி.

தொடுதல், அசைவு, வலி மூன்றையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எப்படித் தெரிகிறது? மிளகாய் ஏன் எரிகிறது என்று ஆராய்ந்த டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-இல் நரம்பில் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். காரத்துக்குத் திறக்கும் அதே கதவு 43 டிகிரி செல்சியஸ் அளவுச் சூட்டுக்கும் திறக்கிறது. சம்பால் தின்றால் வாய் வெந்தது போல இருப்பது அதனால்தான். அழுத்தத்தை உணரும் பியெசோ புரதங்களை 2010-இல் ஆர்டெம் பட்டாபூட்டியன் குழுவினர் அறிவித்தார்கள். இருவருக்கும் 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடுகிறோமே, அதற்கும் அந்தப் புரதங்களில் ஒன்றான பியெசோ2 வேண்டும்.

இதே வட்டாரத்தில் செம்பனைக் குலை வெட்டிய ஓர் அண்ணன். திருவிழா அன்று வேலை முடித்து, குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். பின்னால் வந்த பேத்தி, "தாத்தா, தரையெல்லாம் யாரோ குங்குமம் கொட்டியிருக்காங்க" என்றாள். எல்லாரும் குனிந்து பார்த்தோம். குங்குமப் பொட்டு ஒவ்வொன்றாக வாசல் வரை போகிறது. காலைத் தூக்கச் சொன்னால், குதிகாலில் செம்பனை முள் முழுசாக ஏறியிருக்கிறது! சிலிப்பரைத் துளைத்துக்கொண்டு எப்போது ஏறியதென்றே தெரியவில்லை. "எனக்கு வலிக்கவே இல்லையே, இது இரும்புக் காலாச்சே" என்று அவர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. இரண்டு மாதத்தில் புண் அழுகி, அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தனக்கு வந்தும் தெரியாத நோய் இது: இனிப்புநீர், அதாவது நீரிழிவு. அது பல ஆண்டு கட்டுப்படாமல் இருந்தால் நரம்பு கெடும். நீளமான நரம்பு முதலில் கெடுவதால் பாதம்தான் முதலில் மரத்துப்போகும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இனவாரியாகப் பார்த்தால் நம் இந்தியர்களிடம்தான் அதிகம். அரசாங்கக் கிளினிக்கில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை. அதற்குக்கூட நம் ஆட்கள் போவதில்லையே!

ஆலயத் தலைவர் அவர்களே, மாதம் ஒரு ஞாயிறு இந்த மண்டபத்தைப் பாதப் பரிசோதனைக்குத் திறந்துவிடுங்கள். சட்டமன்ற உறுப்பினர் தாதியரை ஏற்பாடு செய்து தரவேண்டும். இன்று பின்வரிசையில் ஒரு தாதியம்மா இழையோடு உட்கார்ந்திருக்கிறார். இனிப்புநீர் உள்ளவர்கள் சாப்பாட்டுக்குப் போகுமுன் அவரிடம் காலை நீட்டிவிட்டுப் போங்கள்.