ராடு பிடிக்கிறவர் மீட்டரும் படிக்கணும்

வணக்கம். வெல்டிங் பற்றிப் பேச வரச் சொன்னபோது பொறி, புகை, கண் பாதுகாப்பு என்று ஏதாவது சொல்வேன் என நிலையத்தார் நினைத்திருக்கலாம். அதையெல்லாம் பலரும் சொல்லியிருக்கிறார்கள். கரண்ட் கம்பமே இல்லாத இடத்தில் டீசல் இன்ஜினை ஓடவிட்டு, அது தரும் கரண்டில் வெல்டிங் அடிக்கிறோமே, அந்த மிஷினைப் பற்றி, அதிலும் அதன் முகப்பில் இருக்கும் மீட்டர்களையும் குமிழ்களையும் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். வானொலியில் படம் காட்ட முடியாது, அதனால் நீங்கள்தான் மனதில் வரைந்துகொள்ள வேண்டும். ஒரு இரும்புப் பெட்டி, இரண்டு சக்கர டிரெய்லர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் இன்ஜின், மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் தகடு. அந்தத் தகட்டில் ஒரு சாவித் துளை, நான்கைந்து வட்ட மீட்டர்கள், இரண்டு பெரிய குமிழ்கள், கீழே கேபிள் மாட்டும் இரண்டு முனைகள். அவ்வளவுதான்.

நான் திருச்சிப் பக்கம். எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெல்டராக இருப்பார் என்றே சொல்லலாம், பாய்லர் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊர்கள் அப்படி. ஆனால் அங்கே படித்தவர்கள் எல்லாரும் சுவரில் ப்ளக் இருக்கும் ஷெட்டுக்குள் படித்தவர்கள். நானும் அப்படித்தான். வளைகுடாவுக்குப் போய் பைப்லைன் வேலையில் முதல் நாள் டீசல் மிஷின் முன்னால் நின்றபோது, எனக்கு ராடு, அதாவது வெல்டிங் குச்சி, பிடிக்கத் தெரியும், மீட்டர்கள் இருக்கும் முகப்புத் தகடான பேனலைப் படிக்கத் தெரியாது. "அது மெக்கானிக் வேலை, நமக்கு எதுக்கு" என்பதுதான் அப்போது என் எண்ணம். இன்றைக்கும் பல தம்பிகள் அப்படியே சொல்வதைக் கேட்கிறேன். அந்த எண்ணம் எனக்கு என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் கொடுத்த மிஷினில் ஆயில் மீட்டரின் முள் எப்போதும் பூஜ்யத்திலேயே படுத்திருக்கும். "அது அப்படித்தான் தம்பி, மீட்டர் அவுட்டு, நீ பாட்டுக்கு ஓட்டு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஆயில் அழுத்தம் குறைந்தால் இன்ஜின் தானாக நிற்க ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் உண்டு, அதையும் யாரோ ஒயர் போட்டு நேரடியாக இணைத்திருந்தார்கள், அடிக்கடி நின்று தொல்லை கொடுத்ததாம். இரண்டு மாதம் ஓட்டினேன். ஒரு நாள் ஜாயிண்டின் நடு அடுக்குகளை நிரப்பும் ஃபில்லிங் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜினுக்குள் இருந்து ஒரு தட்டல் சத்தம், யாரோ சுத்தியலால் தகரத்தைத் தட்டுவதுபோல. ஹெல்மெட்டைத் தூக்கித் திரும்பிப் பார்ப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது, இன்ஜினும் நின்றுவிட்டது. டிரெய்லருக்கு அடியில் மணல் கருப்பாக நனைந்திருந்தது. ஆயில் தேங்கும் சம்ப்பின் அடியில் இருக்கும் போல்ட் அதிர்வில் தளர்ந்து, ஆயில் முழுக்க இறங்கிவிட்டது. இன்ஜினுக்குள் சுற்றும் தண்டான கிராங்க் இறுகிவிட்டது. மீட்டர் நல்லதாக இருந்திருந்தால் முள் இறங்குவதை ஹெல்பராவது பார்த்திருப்பான். பழி என் மேல் வந்தது, பத்து நாள் சம்பளம் பிடித்தார்கள். சம்பளம் போனதைவிட, பூஜ்யத்தில் கிடக்கும் முள்ளைப் பார்த்துப் பழகிப் பழகி என் கண்ணுக்கு அது பூஜ்யமாகவே தெரியாமல் போனதுதான் இன்றும் உறுத்துகிறது. கெட்டுப்போன மீட்டரை மாட்டியே வைத்திருப்பது, மீட்டர் இல்லாததைவிடக் கெடுதல். கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஓட்டை இருந்தாலாவது யாராவது கேட்பார்கள்.

சரி, காலையில் மிஷினிடம் போகிறோம். சாவி போடும் முன் டிப்ஸ்டிக்கில் ஆயில், ரேடியேட்டரில் தண்ணீர், டேங்கில் டீசல். இதை யாரும் மறப்பதில்லை, வேகமாகத் தாண்டிவிடலாம். மறப்பது ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் குழாயை. பல மிஷின்களில் அது இருக்கும், அதில் ஒரு சின்ன ஜன்னல். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அந்த ஜன்னலில் சிவப்புப் பட்டை தெரியும். பாலைவனத்தில் அதன் மேல் மாவு போலத் தூசி படிந்திருக்கும், விரலால் துடைத்தால்தான் சிவப்பா இல்லையா என்றே தெரியும். நம் ஊரில் செம்மண் சாலை ஓரத்தில் பைப் பதிக்கும் இடங்களிலும் இதே கதைதான்.

சாவியை ஒரு கட்டம் திருப்புங்கள். உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிய வேண்டும். இன்ஜின் ஓடாதபோது அவை எரிவதுதான் சரி, எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கிறது, அப்புறம் ஆபத்து வரும்போதும் அது எரியாது. குளிர்ந்த இன்ஜினுக்கு ஹீட்டர் பொத்தான் இருந்தால் அதில் போட்டிருக்கும் விநாடிகள் வரை பிடியுங்கள். பிறகு ஸ்டார்ட். இன்ஜின் பிடித்ததும் கண் நேராக ஆயில் மீட்டருக்குப் போக வேண்டும். சில விநாடிகளுக்குள் முள் ஏற வேண்டும், ஏறவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், அணைத்துவிடுங்கள். நான் பிறகு ஓட்டிய மிஷினில் குளிரில் 60 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும், சூடான பிறகு 40-க்கு வந்து நிற்கும். உங்கள் மிஷினில் எண் வேறாக இருக்கலாம், ஆனால் உங்கள் மிஷினின் எண் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும், பிள்ளையின் காய்ச்சல் நமக்குத் தொட்டவுடன் தெரிவதுபோல.

அடுத்து பேட்டரி. வோல்ட் மீட்டர் என்றால், 12 வோல்ட் பேட்டரிக்கு இன்ஜின் ஓடும்போது 13.5-லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். 12-க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை, பெல்ட்டைப் பாருங்கள். தண்ணீர்ச் சூடு 80-லிருந்து 95 டிகிரிக்குள் வந்து நிற்கும். பல மிஷின்களில் அந்தத் தண்ணீர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான், அதனால் பேட்டரி விளக்கும் எரிந்து சூடும் ஏறினால், ஒரே பெல்ட் அறுந்திருக்கும். இரண்டு மீட்டரையும் சேர்த்துப் படித்தால் மூடியைத் திறக்காமலே காரணம் தெரிந்துவிடும்.

மூன்று, நான்கு நிமிடம் சும்மா ஓடட்டும். அந்த நேரத்தில் வேகத்தைப் பற்றிச் சொல்கிறேன். நம் நாட்டில் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். நான்கு காந்த முனை உள்ள ஜெனரேட்டர் அதைத் தர நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்ற வேண்டும், இரண்டு முனை என்றால் 3000. இன்ஜின் வேகம் குறைந்தால் வெல்டிங் கரண்ட் மட்டும் இல்லை, ப்ளக்கில் மாட்டிய கிரைண்டருக்குப் போகும் வோல்ட்டேஜும் ஹெர்ட்ஸும் சேர்ந்தே குறையும். இதற்காகத்தான் ஐட்லிங் ஸ்விட்ச். அதை ஆட்டோவில் வைத்தால், ராடு முனையில் எரியும் ஆர்க் என்கிற மின்பொறி அணைந்து பத்துப் பன்னிரண்டு விநாடியில் இன்ஜின் தானாக வேகம் குறைத்து டீசலை மிச்சம் பிடிக்கும், ராடு தொட்டதும் மறுபடி ஏறும். ஆனால் செல்போன் சார்ஜர், சின்ன பல்பு மாதிரிச் சின்னச் சுமையை அது உணராது. குறைந்த வேகத்திலேயே நிற்கும், பல்பு மங்கலாக எரியும். ப்ளக்கில் ஏதாவது மாட்டினால் ஸ்விட்சை ஹையில் வைத்துவிடுங்கள்.

இனி அந்த இரண்டு பெரிய குமிழ்கள். இதைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசை, ஏனென்றால் ஒரு வெல்டரின் கைக்குணம் பாதி இங்கே இருக்கிறது. பைப்லைன் உலகத்தில் லிங்கன் எஸ்.ஏ.-200 வெல்டிங் மிஷின் என்றால் தெரியாதவர் குறைவு, அமெரிக்காவில் பழைய மிஷினைப் பொக்கிஷம் மாதிரி வைத்துப் பராமரிக்கிறார்கள். அந்த வகை டிசி ஜெனரேட்டர் மிஷினில் ஒரு குமிழ் படிப்படியாகத் திரும்பும், கட்டத்துக்குக் கட்டம் "டக்" என்று விழும். அது கரண்டின் எல்லையைத் தேர்ந்தெடுப்பது. இன்னொன்று வழுக்கிக்கொண்டு திரும்பும், அந்த எல்லைக்குள் நுணுக்கமாகக் கூட்டிக் குறைப்பது, கூடவே ராடு தொடாமல் இருக்கும்போது உள்ள வோல்ட்டேஜையும் அதுதான் மாற்றும்.

உங்களுக்கு 90 ஆம்ப்ஸ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வழி இருக்கிறது. படிக் குமிழைக் கீழ்க் கட்டத்தில் வைத்து, வழுக்குக் குமிழை மேலே ஏற்றலாம். அல்லது படிக் குமிழை ஒரு கட்டம் மேலே வைத்து, வழுக்குக் குமிழைக் கீழே இறக்கலாம். ஆம்ப்ஸ் ஒன்றுதான், ஆர்க் ஒன்றில்லை. முதல் வழியில் ராடை நெருக்கினாலும் விலக்கினாலும் கரண்ட் அதிகம் மாறாது, ஆர்க் மெதுவாகப் பரவி விழும், தரையில் கிடக்கும் தட்டுக்குக் கேப்பிங் என்கிற மேல் அடுக்கு போடும்போது வழவழவென்று வரும். இரண்டாவது வழியில் ராடைக் கொஞ்சம் நெருக்கினால் போதும், கரண்ட் எகிறி உள்ளே தோண்டும். பைப்பின் அடிப்பக்கம் படுத்துக்கொண்டு 6010 வகை ராடில் ரூட் என்கிற முதல் அடுக்கு போடும்போது இந்தத் தோண்டல்தான் வேண்டும். சாவித்துளை மாதிரி ஒரு ஓட்டை ராடு முனைக்கு முன்னால் திறந்துகொண்டே போகும், நெருக்கினால் பெரிதாகும், விலக்கினால் சுருங்கும், கை மணிக்கட்டிலேயே கரண்ட் குமிழ் இருப்பதுபோல ஒரு உணர்வு. ஆனால் வழுக்குக் குமிழை ரொம்ப இறக்கிவிட்டால் ஆர்க் பிடிக்காது, பிடித்தாலும் அணைந்து அணைந்து போகும். இரண்டுக்கும் நடுவே உங்கள் கைக்கு ஏற்ற இடத்தைக் கழிவுத் துண்டில் அடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். புது மிஷின்களில் இதே வேலையை ஆர்க் ஃபோர்ஸ் என்று தனிக் குமிழ் செய்கிறது, பெயர்தான் புதிது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆர்க் எரிந்துகொண்டிருக்கும்போது படிக் குமிழைத் திருப்பக் கூடாது. நான் ஒருமுறை பைப்புக்கு அடியில் இருந்து "கரண்ட் ஏத்துடா" என்று கத்தினேன், ஹெல்பர் பையன் நல்ல மனதோடு படிக் குமிழைத் திருப்பிவிட்டான். பின்னால் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் அந்தக் குமிழ் தொட்டு நகரும் செம்புக் கட்டை ஒன்றில் எலி கடித்ததுபோல ஒரு பள்ளம், ஓரத்தில் கருகி உருண்ட செம்பு மணி. அந்தக் கட்டத்தில் அதற்குப் பிறகு கரண்ட் நிலையாக வரவே இல்லை. தவறு கத்திய என்னுடையது, எந்தக் குமிழ் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாசிட்டிவ், நெகட்டிவ் மாற்றும் ஸ்விட்சுக்கும் இதே விதி.

3.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள 7018 வகை ராடுக்கு 110-லிருந்து 130 ஆம்ப்ஸ், ராடைப் பிடிக்கும் ஹோல்டர் பாசிட்டிவ் என்று கணக்குச் சொல்வோம். ஆனால் மிஷின் மேட்டில், ஜாயிண்ட் பள்ளத்தில், நடுவே நீள நீளமாகக் கேபிள் என்றால், குமிழ் காட்டும் எண்ணும் ராடு முனையில் கிடைப்பதும் ஒன்றாக இருக்காது. கேபிளைச் சுருட்டி வைத்துக்கொண்டு வெல்டிங் அடிக்காதீர்கள், தடிமன் குறைந்த கேபிளை நீட்டாதீர்கள், வேலை நடக்கும் இரும்பை எர்த் கிளாம்ப் கவ்விப் பிடிக்கும் இடத்தில் துருவை ஒரு தடவை தேய்த்துவிடுங்கள். ராடு ஒட்டுகிறது என்று குமிழைத் திருப்பும் முன் கிளாம்ப்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் கோளாறு அங்கேதான்.

தகட்டில் 300 ஆம்ப்ஸ், 60 சதவீதம் என்று பொறித்திருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அந்தக் கரண்டில் அடிக்கலாம், நான்கு நிமிடம் ஆற விட வேண்டும் என்று பொருள். ஆற விடும்போது இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், காற்று அடிக்கும் விசிறி அதோடுதான் சுற்றுகிறது.

மீட்டர் இல்லாத மீட்டர் ஒன்று இருக்கிறது, அது சத்தம். ராடு தொட்டதும் இன்ஜின் ஒரு நொடி அமுங்கி, உடனே வேகத்தைக் காக்கும் கவர்னர் டீசலைக் கூட்டி நிமிர்த்தும். அமுங்கியது நிமிரவில்லை என்றால் டீசல் ஃபில்டரையோ ஏர் ஃபில்டரையோ பாருங்கள், அல்லது யாரோ ப்ளக்கில் பெரிய மோட்டாரை மாட்டியிருப்பார்கள். வெல்டிங்கும் ப்ளக்கும் ஒரே இன்ஜினின் பலத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. கருப்புப் புகை வந்தால் சுமை அதிகம் அல்லது காற்று போதவில்லை, நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. புகை போகும் திசையையும் பாருங்கள். காற்றுக்கு மறைவாகக் கூடாரம் கட்டி, அதன் வாசலுக்கே சைலன்சரைத் திருப்பி வைத்திருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, உள்ளே படுத்திருப்பவருக்குத் தலை வலிப்பதுபோல இருக்கும், வெயில் என்று நினைத்துக்கொள்வார். மிஷினைக் கூடாரத்தைவிட்டுத் தள்ளி, காற்று அடித்துக்கொண்டு போகும் பக்கத்தில் நிறுத்துங்கள்.

சாயங்காலம் கடைசி ராடு முடிந்ததும் சட்டென்று சாவியைத் திருப்பாதீர்கள். சுமை இல்லாமல் சில நிமிடம் ஓடவிட்டு, சூட்டு முள் கொஞ்சம் இறங்குவதைப் பார்த்து அணையுங்கள். அப்புறம் ஹவர் மீட்டர். அதில் இருக்கும் எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள், தேதி போட்டு. ஆயில் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று மிஷினின் புத்தகம் சொல்லும், நாள் கணக்கில் மாற்றினால் நாளெல்லாம் ஓடிய மிஷினுக்கும் ஓரமாக நின்ற மிஷினுக்கும் வித்தியாசம் தெரியாது. டேங்கை இரவே நிரப்பிவிடுங்கள், பாதி டேங்கின் வெற்றிடத்தில் இரவுக் குளிரில் நீர் கோத்து டீசலில் இறங்கும். நிரப்பி, மூடியை இறுக்கி, குனிந்து டிரெய்லருக்கு அடியில் மணலை ஒரு தடவை பாருங்கள். நான் இன்றைக்கும் பார்க்கிறேன், காய்ந்திருக்கிறதா என்று.